மரநாய்க் குட்டிகள்

நீங்கள் என்னை உட்கார வைத்திருக்கும் இந்த அறையில், அலுமாரிக்குப் பின்னால் சுவர் ஊறியிருக்கிறது. உள்ளே வந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அலுமாரியை நான்கு அங்குலம் முன்னால் இழுத்து வையுங்கள், பின்னால் காற்று போய் வரட்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகு அடித்தட்டு ஃபைல்களை நீங்கள் கையில் எடுக்க முடியாது. மாத்தளையில் பாதிப் பேர் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, சுவர் ஏன் கறுக்கிறது என்று சாத்திரம் கேட்கப் போகிறவர்கள்.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுத விட்டதற்கு நன்றி. சிங்களம் நன்றாகப் பேசுவேன், எழுதினால் பிழை வரும். தமிழில் எழுதுகிறேன், உங்கள் ஆள் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். நடுவில் நான் எழுந்து நடந்தால் தப்பாக எடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் கால் மணி நேரம் இருக்க எனக்கு வராது. நிரஞ்சனி அதைச் சொல்லிச் சிரிப்பாள். "உங்க காலுக்கு யாரோ சாவி குடுத்து விட்டுட்டாங்க" என்பாள். நிரஞ்சனி என் மனைவி. போன வியாழக்கிழமை காலமானாள்.

என் பெயர் கஜேந்திரன், வயது நாற்பத்தொன்பது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் யாருக்கும் தெரியாது. 'காத்து பாஸ்' என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்லிவிடுவார்கள். கைவேலைக்காரன் எல்லாரும் இங்கே பாஸ்தான், நான் காற்றுக்கு. மேசன் பாஸ்மார் வீட்டைக் கட்டி முடித்து, பால் காய்ச்சிக் குடிபுகுந்து, முதல் மழையிலேயே சுவரில் பூஞ்சணம் பிடித்த பிறகு கூப்பிடப்படுகிற ஆள் நான். கூப்பிடும்போதே கோபமாக இருப்பார்கள், ஏதோ நான்தான் அந்தச் சுவரைக் கட்டியது போல. பழகிவிட்டது.

நம் ஊர் வீடுகள் சரிவில் நிற்பவை. முன்வாசல் ரோட்டுக்குச் சமமாக இருக்கும், பின்னால் போய்ப் பார்த்தால் அடியில் இன்னோர் அறை இருக்கும், பாதி மண்ணுக்குள். அதைக் கீழறை என்போம். மேலே, கூரைத் தகரத்துக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே ஒரு பரண். ஈரம் கீழறையில் பிறக்கும், மேலே ஏறிப் பரணில் போய்த் தங்கும். இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் படுத்திருப்பார்கள். என் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கீழறையில் ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் துளை போடுவேன். பரணில் கூரை விளிம்போரமாக இரண்டு பக்கமும் வலை அடித்த வாய் வைப்பேன். குளிர்ந்த காற்று கீழால் வந்து, ஈரத்தையும் கூட்டிக்கொண்டு மேலால் போய்விடும். வீடு மூச்சுவிட ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருக்கிறவர்களும் மூச்சுவிடுவார்கள்.

இதை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. இளவயதில் ஒரு மிளகுக் கடையில் நின்றேன். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் மிளகில் ஈரம் பார்க்கிற மீட்டர் என் பொறுப்பில் இருந்தது. பதின்மூன்றுக்கு மேலே முள் போனால் சாக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். மீட்டர் பழுதான நாட்களில் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பேன். நன்றாகக் காய்ந்த மிளகு சட்டென்று உடையும், காயாதது நசுங்கும். அரைகுறையாகக் காய்ந்த ஒரு சாக்கு மிளகை மூடிய அறையில் வைத்தால், அது ஒரு வாளித் தண்ணீரையாவது காற்றில் விடும். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உக்குவெலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். காளிமுத்து என்று ஒருவர், மிளகும் கொஞ்சம் கோப்பியும் வைத்திருக்கிறவர். கல்யாண வயதில் இருந்த அவருடைய மகளுக்கு மூச்சு இழுப்பு. எத்தனையோ டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள், அவள் படுத்த அறையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. கட்டிலை நகர்த்தினேன். பின்சுவர் முழுக்கப் பூஞ்சணம். அந்தப் பிள்ளை ஒரு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தபடி நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு அவளிடம் காற்று இல்லை.

நான்கு நாள் வேலை. ஐந்தாம் நாள் காலை, சாமான்களை எடுக்கப் போனபோது அவளே ப்ளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். "ரெண்டு மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் படுத்துத் தூங்குனேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. சம்பளம் கொடுத்தார்கள், பாஸ் பாஸ் என்றார்கள், அதெல்லாம் வேறு. இது, நான் இல்லாவிட்டால் தான் இல்லை என்று ஒருத்தி கண்ணால் சொன்னது.

அடுத்த தையில் முத்துமாரியம்மன் கோயிலில் எனக்கும் நிரஞ்சனிக்கும் கல்யாணம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை ஒரு காரணமாக எங்கேயும் எழுதிவிட வேண்டாம், அதில் இருவருக்கும் மனக்குறை இருக்கவில்லை.

நான் வாங்கிய வீட்டை அவளுக்காகவே திருத்தினேன். படுக்கையறைக்கு நேர் கீழே கீழறை. அதில் இரண்டு துளையும் ஓர் எக்ஸோஸ்ட் ஃபேனும் வைத்தேன். பரணில் நான்கு வாய். அறையில் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்றைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அறுபதைத் தாண்ட விடமாட்டேன். அவள் தேறினாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்தாள். பக்கத்திலேயே ஒரு முன்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். சின்னப் பிள்ளைகளின் பின்னால் ஓடிவிட்டு வந்து, ஓடியது தெரியாமல் பேசுவாள்.

எல்லாரும் சந்தோஷப்படுகிற விஷயம்தான். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் உண்மையை எழுதச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். அந்த நாட்களில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் மீட்டரைப் பார்ப்பேன், ஐம்பத்தாறு. கீழறைக்கு இறங்குவேன், உலர்ந்து கிடக்கும். பரணில் ஏறுவேன், அங்கேயும் வேலை இல்லை. இறங்கி வந்தால் அவள் பிள்ளைகளுக்கு மட்டையில் முயல் வெட்டிக்கொண்டிருப்பாள். தலை நிமிராமலே, "டீ அடுப்புல இருக்கு, ஊத்திக்கங்க" என்பாள். திரும்பவும் கீழறைக்கு இறங்குவேன்.

நான்காம் வருடம், கூரை வாயின் வலையைக் கிழித்துக்கொண்டு பரணில் மரநாய் வந்தது. இந்த ஊரில் மரநாய் ஏறாத கூரை இல்லை. சீலிங்கில் மூத்திரம் இறங்கும், ராத்திரி முழுக்கத் தடதடவென்று ஓட்டம். அதற்குப் பயந்து சனங்கள் கூரை வாயை எல்லாம் சாக்கைத் திணித்து அடைத்துவிடுவார்கள். மரநாய் போய்விடும், காற்றும் போய்விடும். எத்தனை வீட்டில் இதற்காக நான் சத்தம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவசரத்துக்கு நானே அதைத்தான் செய்தேன். சாக்கைச் சுருட்டித் திணித்து, விழாமல் இருக்கக் கம்பி போட்டுக் கட்டினேன். புது வலை வாங்கி அடித்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்து, மறந்துபோனேன். ஐப்பசி மழை பிடித்தது. பத்து நாளில் நிரஞ்சனி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் தெரிந்ததும் ஓடிப்போய் ஏறி சாக்கைப் பிடுங்கினேன். ஃபேனை நாள் முழுக்க ஓட விட்டேன். அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் மூச்சு இறங்கியது. அவள் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லாட்டி நான் என்னைக்கோ போயிருப்பேன்" என்றாள். அதே பார்வை. நாலு வருடமாகக் காணாமல் போயிருந்தது. அந்த மூன்று நாளும் நான் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. கால் எழுந்து நடக்கச் சொல்லவே இல்லை.

அடுத்த வருடம் நான் மறக்கவில்லை.

இதை வாசித்து நீங்கள் முகம் சுளிப்பீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எனக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. ஒரு மழைக்காலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அடைத்தது கிடையாது. ஐந்து நாளுக்கு மேல் கிடையாது. மீட்டர் எண்பத்தைந்தைத் தொட்டால் உடனே திறந்துவிடுவேன். நான் வெளியூர் போகிற வாரத்தில் செய்ததே இல்லை. அவள் வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்ப் தீர்ந்துபோக விட்டதும் இல்லை. புதுப் பம்ப் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். "என்னங்க, பம்பு முடிஞ்சிருச்சு" என்று அவள் பதறும்போது எடுத்துக் கையில் கொடுப்பேன். ஏன் அலுமாரியில் வைக்கவில்லை என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். அலுமாரியில் இருந்தால் அவளே எடுத்துக்கொள்வாள்.

இப்படி ஆறு தடவை. ஆறு தடவையும் நானே திறந்தேன், ஆறு தடவையும் அவள் பிழைத்தாள். பிழைக்க வைத்தவனைக் கொலைகாரன் என்று எழுதுவது சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு நஸ்மியா தாத்தாவை இங்கே சொல்ல வேண்டும். முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பூனை, கோழி, காலொடிந்த மைனா எல்லாவற்றுக்கும் அவர் வீட்டில் இடம் உண்டு. நிரஞ்சனிக்கு மூச்சு இழுக்கும் போதெல்லாம் கஞ்சியோடு வந்து நிற்பார். "ஒங்கட மாப்பிள்ள மாதிரி ஒரு மனிசன் கெடைக்க நீ குடுத்து வைச்சிருக்கோணும்" என்று அவளிடம் சொல்வார். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்கு என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவரும் அவர்தான். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை.

இந்த வருடம் ஆவணியில் நிரஞ்சனியைக் கலேவெலைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை, பதினான்கு நாள். அங்கே காய்ந்த பூமி, நெல்லும் மிளகாயும் வெங்காயமும் விளைகிற இடம். இரண்டு கிழமையும் அவள் பம்பைத் தொடவே இல்லை. திரும்பி வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி மேட்டில் வேகமாக ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தாள். கூரையையும் சுவரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்குத்தான் சீக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இந்த வீட்டுக்குத்தான் சீக்கு போலங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் உள்ளே போய் மீட்டரைப் பார்த்தேன்.

அங்கேயே ஒரு முன்பள்ளியில் வேலை கேட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். தை பிறந்ததும் சேர வேண்டும். "நாம கலேவெலைக்கே போயிருவோமா? வீடு வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றாள். பிறகு, "நீங்க இப்ப வராட்டியும் பரவால்ல, சனி ஞாயிறுல வாங்க. நான் தனியா சமாளிச்சுக்குவேன்" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து 'தனியா' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. கலேவெலையில் எனக்கு என்ன வேலை இருக்கிறது? அங்கே சுவர் வெடிக்கும், ஊறாது. காத்து பாஸ் என்றால் காற்றாடி விற்கிறவன் என்று நினைப்பார்கள். அங்கே போய் நான் எதைத் திறப்பேன், எதை மூடுவேன்? அவள் மூச்சு அவள் பாட்டுக்குப் போய் வரும். என்னிடம் கேட்டு வாங்க வேண்டிய தேவை அதற்கு இருக்காது.

ஈரமான வீட்டை விட்டு ஆள் ஓடத்தானே பார்ப்பாள், அடைத்து என்ன பயன் என்று உங்கள் சார்ஜன்ட் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் அவருக்கு நிரஞ்சனியைத் தெரியாது. மூச்சு முட்டும்போது அவள் கதவைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். கொஞ்சம் பெரிதாக ஒரு தடவை வந்தால் போதும், புது ஊரில் தனியாக இருக்கிற யோசனை தானாகவே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அவளுடைய நன்மைக்குத்தான். அங்கே ஒரு நாள் வீதியில் மூச்சு அடைத்தால் யார் பார்ப்பார்கள்?

கார்த்திகை கடைசியில் மழை இறங்கியது. மாமா காளிமுத்துவின் தோட்டத்தில் மிளகு பறித்திருந்தார்கள், வெயில் இல்லாததால் காயவில்லை. "எங்க வீட்டுல காத்து நல்லா வருது, குடுங்க மாமா, நான் காய வச்சுத் தாரேன்" என்று ஆறு சாக்கு ஏற்றி வந்து கீழறையில் அடுக்கினேன். பல்லில் வைத்துப் பார்த்தேன், நசுங்கியது. துளைகளுக்குப் பலகை வைத்தேன். ஃபேனின் வயரைக் கழற்றிவிட்டு, ஃபேன் எரிந்துவிட்டது என்றேன். பரணில் ஏறி நான்கு வாயையும் சாக்கால் அடைத்து, வழக்கம் போல மும்முறுக்குக் கம்பி போட்டேன். மரநாய் வந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். என் வேலையில் என்னை நம்பாத ஆள் இந்த ஊரில் இல்லை.

அது சனிக்கிழமை. ஞாயிறு மாலை மீட்டர் எண்பத்தொன்று. அவள் இருமத் தொடங்கியிருந்தாள். திங்கள் விடியும்போது லக்கலயிலிருந்து ஒருவர் ஃபோனில் அழுதார். யானைக்குப் பயந்து விதைநெல் அறையின் ஜன்னல்களைக் கல்லு வைத்து அடைத்திருக்கிறார்கள், இப்போது உள்ளே நெல் முளைக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். வெளியூர் போகிற வாரத்தில் செய்வதில்லை என்று மேலே எழுதினேன். அந்த ஒழுங்கை நான் உடைத்தது அந்த ஒரு தடவைதான். ஒரு நாள் வேலை, பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வீட்டில் இருந்து அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு திறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரத்தோட்டை தாண்டி மலை ஏறும்போதே மழை கொட்டியது. நான் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் பின்னால் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. திங்கள் பஸ் இல்லை, செவ்வாயும் இல்லை. சும்மா இருக்க முடியாமல் அந்த மனிதருடைய நெல் அறையைச் செய்துகொடுத்தேன். யானைத் தும்பிக்கை எட்டாத உயரத்தில் நான்கு துளை, தாழ்வாகக் கை நுழையாத அகலத்தில் இரண்டு. செவ்வாய் மத்தியானம் உள்ளே போய் நின்றேன், முகத்தில் காற்றுப் பட்டது. அவ்வளவு ஒழுங்கான வேலையை நான் செய்து கனகாலம். ஆணி எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது புதுப் பம்ப் விரலில் தட்டுப்பட்டது. பெட்டியோடு, உடைக்காமல்.

அன்று மிச்ச நேரம் முழுக்கக் குளக்கட்டில் மேலும் கீழும் நடந்தேன். அந்த ஊரில் குளக்கட்டில் ஓரிடத்தில்தான் ஃபோனுக்கு சிக்னல் வரும். புதன் காலையும் அங்கேயே நடந்துகொண்டிருந்தபோது, பத்து மணி போல ஃபோன் அடித்தது. நிரஞ்சனியின் நம்பர். பேசியது நஸ்மியா தாத்தா.

"தம்பி, புள்ளைக்கி மூச்சு எடுக்க ஏலாம கெடக்கு. பம்பும் முடிஞ்சி. ஆஸ்பத்திரிக்கி கொண்டு போவமா? இவள் வரமாட்டேங்கிறாள். அவரு வந்தாச் சரியாயிரும், அவரு வந்தாச் சரியாயிரும்னு அதையே சொல்லிட்டிருக்காள்."

"மழையில கூட்டிக்கிட்டுப் போனா இழுப்பு கூடிரும் தாத்தா. சூடா தண்ணி குடுங்க. நான் இன்னைக்கு வந்துருவேன்" என்றேன்.

"வூட்டுக்குள்ள ஒரே புழுக்கம் தம்பி, சொவரெல்லாம் தண்ணி வடியுது. மேல ஏதும் அடைச்சிக் கெடக்கா? எங்கட அவர ஏத்தி அத எடுத்து வுடச் சொல்லவா?"

ஐயா, நீங்கள் தேடுகிற இடம் இதுதான். மற்றதெல்லாம் சாக்கும் பலகையும். 'ஆமாம், எடுத்துவிடச் சொல்லுங்கள்' என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். நான் யோசிக்காமல் இல்லை, குளத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் யோசித்தேன். ஏறினால் கம்பியைப் பார்ப்பார்கள். என் முறுக்கு இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைவிட இன்னொன்று. தாத்தாவின் புருஷன் திறந்தால், நிரஞ்சனி அவரை அப்படிப் பார்ப்பாள்.

"வேணாம் தாத்தா. மேல மரநாய் குட்டி போட்டிருக்கு. தாய் கடிச்சிக் குதறிரும். யாரையும் ஏத்தாதீங்க, நான் வந்து பாக்கிறேன்" என்றேன்.

ஃபோனை நிரஞ்சனியிடம் கொடுத்தார். அவளால் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் சொல்ல முடிந்தது. "வந்துருவீங்க… தானே?" என்றாள். வந்துவிடுவேன் என்றேன். என்னைத் தேடும் அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது. அதோடு, இதையும் எழுதிவிடுகிறேன், என் கால் நின்றுவிட்டது. அதுவரை நடந்துகொண்டிருந்தவன் அந்தக் குளக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கலேவெலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழன் காலை ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு, சரிவைக் காலால் கடந்து, மறுபக்கம் த்ரீவீல் பிடித்தேன். வீட்டுக்கு வர பின்னேரம் நான்கு மணி. வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது என்றார்கள். நாற்காலியில், வாசலைப் பார்த்தபடி. நஸ்மியா தாத்தா அவள் கையைப் பிடித்திருந்தாராம். மீட்டர் தொண்ணூற்றுநாலில் நின்றது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

சனிக்கிழமை தகனம். எங்கள் ஆட்களில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரிவதும் இல்லை, அதனால் நஸ்மியா தாத்தாதான் சோறு சமைத்துக் கொண்டுவந்து, நாங்கள் திரும்பும் வரை வீட்டில் இருந்தார். ஆண்கள் எல்லாரும் போய்விட்ட அந்த இரண்டு மணி நேரத்தில் அவருக்குப் பரணில் இருக்கிற மரநாய்க் குட்டிகள் ஞாபகத்துக்கு வந்திருக்கின்றன. இத்தனை சனம், இத்தனை ஒப்பாரி, தாய் பயந்து ஓடியிருக்கும், குட்டிகள் பசியில் கிடக்கும் என்று நினைத்திருக்கிறார். ஒரு தட்டில் வாழைப்பழத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஏணி வைத்து ஏறியிருக்கிறார். அறுபது வயது மனுஷி. குட்டிகள் இல்லை, கூடு இல்லை, ஒரு மயிர்கூட இல்லை. நான்கு சாக்கும் நான்கு கம்பியும் இருந்தன. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஞாயிறு காலை நான் பரணில் ஏறிச் சாக்குகளை எடுத்துக்கொண்டு இறங்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்தக் குட்டியள் என்னாச்சி?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தாய் தூக்கிட்டுப் போயிருச்சு தாத்தா" என்றேன்.

"மரநாய் கம்பியும் முறுக்குமா தம்பி?" என்றார். அவர் அழுதுகொண்டே உள்ளே போனார். திங்கட்கிழமை உங்களிடம் வந்தார்.

ஆக, நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் இதில் இருக்கிறது. அடைத்தது நான். மிளகை வைத்தது நான். பம்பைக் கொண்டுபோனது நான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்றதும், மேலே ஏற வேண்டாம் என்றதும் நான். யாருடைய தூண்டுதலும் இல்லை, குடித்திருக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மாமா கோர்ட்டுக்கு வந்தால் அவருக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள், அவருக்கு முழங்கால் வலி.

ஒன்றே ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவளைச் சாகடிக்க நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஞாயிறன்று எல்லா வாயையும் திறந்தேன், பலகைகளை எடுத்தேன், மிளகை மாமா வீட்டுக்கு அனுப்பினேன், ஃபேனுக்கு வயரை மாட்டினேன். செவ்வாய் காலை நீங்கள் வரும்போது நான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு. மழைக்காலத்தில் மாத்தளையில் எந்த வீட்டிலும் அப்படி ஓர் அறை இருக்காது. குழந்தைகூடப் படுத்துத் தூங்கும். இந்தத் தடவை என்னை எப்படிப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ தடவை பொறுத்தவள், இன்னும் நாலரை மணி நேரம் பொறுத்திருக்கலாம். நான் வந்துகொண்டுதான் இருந்தேன்.